அந்தக் குஞ்சு என்ன ஆயிற்று என்று சொல்லக்கூடாது

செர்ப்புளசேரி,
விஜயதசமிக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய விமலா சேச்சிக்கு, தம்பி அச்சுதன் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர.

ஜூன் மாதம் என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று நீங்கள் நாற்பது கதைப் புத்தகங்கள் அனுப்பினீர்கள். 'விழுந்து விழுந்து படிக்கிறார்கள்' என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பொய். அழுக்காகிவிடுமே என்று அலமாரியில் பூட்டி வைத்தேன். வாரம் ஒரு நாள் திறப்பேன்; கை கழுவு, துடை, நகத்தைக் காட்டு, வரிசையில் நில் என்று எல்லாம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். போன வாரம் தீர்த்தா என்ற பெண் மட்டும் எல்லோரையும் முந்தி ஒரு புத்தகத்தை வாங்கிவிட்டாள். கோழி அடைகாக்கும் கதை. முட்டையில் விரிசல் விழும் பக்கத்தில் மணி அடித்தது, பிடுங்கிப் பூட்டினேன்.

அப்புறம் பூஜை வைப்பு வந்தது. அஷ்டமி சாயங்காலம் பாடப் புத்தகங்களோடு இவற்றையும் பிள்ளைகளே சுமந்து வந்து பகவதி கோயில் மண்டபத்தில் அடுக்கினார்கள். விஜயதசமி காலை வரை யாரும் ஓர் எழுத்துப் படிக்கக் கூடாதே, அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பார்த்தால் கோழிப் புத்தகத்தைக் காணோம். "எந்தத் திருட்டுப் பய எடுத்தான்?" என்று அத்தனை தாய்மார் முன்னாலும் கத்தினேன். தீர்த்தா குடைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.

"முட்டை உடைஞ்சிட்டிருக்கு மாஷே. ரெண்டு நாள் உள்ளயே கெடந்தா குஞ்சுக்கு மூச்சு முட்டாதா?"

"திருட்டுக்கு இது ஒரு சாக்கா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அழுததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்கவில்லை சேச்சி.

கிழிசல் இருக்கிறதா பார்க்கலாம் என்று அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். நவமியன்று, செய்தித்தாளைக்கூட மடித்து வைத்துவிட்ட வீட்டில், கிழிசல் தேடி முதல் பக்கத்தைத் திறந்தவன் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். குளியலறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. இருபத்தாறு வருட வாத்தியார் வேலையில் நான் ஒரு குழந்தைக் கதையை முழுதாகப் படித்தது அதுதான் முதல்முறை.

நேற்று பூஜை எடுப்பு, அடுக்கிய புத்தகங்களைத் திரும்ப எடுக்கும் நாள். அதே மண்டபத்தில், அதே கூட்டத்தில் ஒப்புக்கொண்டேன். பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கிற கார்த்தியாயனி விடுவாளா?

"அடேங்கப்பா! புள்ள ஒளிச்சு வெச்சா திருட்டு, மாஷ் ஒளிஞ்சு படிச்சா ஆராய்ச்சியா?"

தலையைக் குனிந்துகொண்டு தீர்த்தாவிடம் போனேன். "மாஷ் பண்ணதுதாம்மா தப்பு. நீ கவலப்படாத, அந்தக் குஞ்சு..." என்று ஆரம்பித்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"ஐயோ, சொல்லிடாதீங்க மாஷே! நானே படிக்கணும்!"

அவளைப் பார்த்து மற்ற முப்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு புத்தகத்துக்காக என் வகுப்பு இப்படித் துடித்து நான் பார்த்ததே இல்லை. நான்கு மாதம் பூட்டி வைத்தேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அலமாரிச் சாவியை அங்கேயே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

பொய் எழுதியதற்கு மன்னியுங்கள். இனி நாற்பதையும் நானே படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் உண்மையை எழுதுகிறேன். பகவதி உங்களுக்கு நல்ல கண்பார்வையும், என் பழைய கடிதங்களை மறந்துவிடும் மனதும் தரட்டும்.

வெட்கத்துடன்,
அச்சுதன்

பி.கு.: நாற்பதையும் படிப்பேன் என்று மேலே எழுதியதை நம்ப வேண்டாம். இன்று யானைக் கதைப் புத்தகத்தைக் கேட்டேன். தீர்த்தா என் விரலில் சாக்பீஸ் தூளைப் பார்த்துவிட்டு, "கை கழுவி, நகத்தக் காட்டிட்டு, வரிசைல வாங்க மாஷே" என்றாள். கழுவி, துடைத்து, நகத்தைக் காட்டி, கடைசி ஆளாகப் போய் நின்றேன். மணி அடித்துவிட்டது.