பத்து மணி பஸ் இனி பதினொன்றுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். என் மேலுள்ள கோபமும் குறைவில்லாமல் இருக்கும்.

உன் பணிநிறைவு விழாவுக்கு நாற்காலிகளை மடிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமை உன் தையல் கடையைத் திறக்க அப்படியும் என்னைத்தான் அழைத்திருக்கிறாய். "இந்தத் தடவையும் லேட்டா வந்தா கத்தரிக்கோலை எதிர்க்கடைக்காரி கையில குடுத்துடுவேன்" என்று போனில் சொன்னாய். அவளைப் பார்த்திருக்கிறேன். ரிப்பனோடு நிறுத்த மாட்டாள்.

இனி அந்தப் பயம் வேண்டாம். வட்டாரப் பேருந்துகளை நம்பகமாக்க இலக்கு வகுக்கும் குழுவில் எங்கள் அலுவலகம் என்னைச் சேர்த்திருக்கிறது. எல்லோரும் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார், அதனால் முதல் கூட்டம் நடக்கவில்லை, இரண்டாவதற்கு அவரவர் வண்டியில் போனோம், பத்தில் ஒன்பது பஸ்ஸாவது நேரத்துக்கு வர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டு போனதைப் படிக்கும் முன்பே எங்கள் புள்ளிவிவரக்காரர் உன் ஊர் பஸ் பேச்சைப் பிடித்துக்கொண்டு, "மேடம், பத்து மணி பஸ் தினமும் கரெக்டா பதினொண்ணுக்கு வருது. பஸ் மேல தப்பில்ல, அட்டவணை மேலதான் தப்பு" என்றார், "அப்ப பத்து மணிக்கு வந்து நிக்கிறவங்க?" என்றேன், "அந்த நேரத்துக்கு பஸ்ஸே இல்லன்னா அவங்க ஏன் நிக்கப் போறாங்க?" என்றார், இயக்குநர் மேசையைத் தட்டினார், அட்டவணை மாறியது, ஒரே மதியத்தில் நம்பகத்தன்மை நூற்றுக்கு நூறு, டீதான் லேட்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, பொய் சொல்லும் பத்தைவிட வாக்குத் தவறாத பதினொன்று மேல் என்று பட்டது. ஆகவே திறப்பு விழாவைப் பன்னிரண்டரைக்கு வை. பதினோரு மணி பஸ்ஸில் ஏறிப் பன்னிரண்டுக்கு உன் வாசலில் நிற்பேன். குழு உறுப்பினர் என்ற முறையில் சொல்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உன் கடையில் கூட்டம் சேரட்டும், ஊசி முறியாதிருக்கட்டும்.

உன் தங்கை

பி.கு.: இன்று புது அட்டவணையின் முதல் நாள். பஸ் பத்துக்கே வந்து போய்விட்டது. சாயங்காலம் திரும்பிவந்த ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டேன். "பதினொண்ணுன்னு போட்டதும் மனசு லேசாயிடுச்சு மேடம். வண்டி தானா ஓடிடுச்சு" என்றார். நான் வியாழக்கிழமையே கிளம்புகிறேன், பாயைப் போட்டு வை. கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிட்டால் இதைப் பிரிக்காதே.