லெட்ரிக் பாபாவின் இடது கை

மலாக்காவில் மின்சாரத்தைக் கண்டு பயந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, முறையாக, ஒரு நாள் லீவு கூடப் போடாமல் பயந்தவர் ஒருவர்தான். அவர் லெட்ரிக் பாபா. பவர்ஹவுஸில் சுவிட்ச்போர்டு பார்க்கிற உத்தியோகம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற அந்த மகானுபாவர், தன் வீட்டு விளக்கைப் போடுவதற்கு ரப்பர் செருப்பு மாட்டி, மரப்பலகையின் மேல் ஏறி நிற்பார்.

காஜா பெராங் வட்டாரத்தில், கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் அவருக்கு வீடு. செட்டி என்றதும் வட்டிக்கடை நினைப்பு வேண்டாம். சுல்தான்கள் காலத்தில் மலாக்காவில் வந்து இறங்கிய தமிழ் வியாபாரிகளின் வழி வந்தவர்கள் இவர்கள். கோயில் உண்டு, திருநீறு உண்டு, பொங்கல் உண்டு, தமிழ்தான் கிடையாது. வீட்டில் பேசுவது ஒரு தினுசான மலாய். பாபாவுக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பதினைந்து சொல் இருந்தால் அதிகம். அத்தனையும் பூசைக்கும் பலகாரத்துக்கும் உரியவை.

வாழ்க்கைக்கு அவர் இரண்டே சட்டம் வைத்திருந்தார். எதையும் முதலில் புறங்கையால் தொட வேண்டும். உள்ளங்கையால் தொட்டால், கரண்டு இருக்கும் பட்சத்தில் விரல் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும்; புறங்கை என்றால் விலகி வந்துவிடும். இரண்டாவது, இடது கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் கரண்டு ஒரு கை வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கை வழியாக இறங்கும். ஒரு கை என்றால் பிழைக்க வழி உண்டு. வேலை நேரத்துக்கு இதெல்லாம் சரிதான். ஆனால் பாபாவுக்கு வேலை நேரம் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. கோயில் கதவு, காப்பி கிளாஸ், பக்கத்து வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தையின் கன்னம், எல்லாவற்றுக்கும் முதலில் புறங்கைதான். சாமி கும்பிடுவதும் ஒரு கையால்தான். திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த கிழவிகள், பாவம், இந்த மனுஷனுக்கு ஒரு கை விளங்கவில்லையே என்று அவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு போவார்கள். சைக்கிளையும் அவர் ஒற்றைக் கையால்தான் ஓட்டினார். எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

செட்டி வீடுகளில் பொங்கலுக்கு முதல் நாள் முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். வாழையிலையில் சோறும் கறியும் பரப்பி, கதவைச் சாத்திவிட்டு, குடும்பமே வெளியே காத்திருக்கும். முன்னோர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் அல்லவா. பாபா மட்டும் அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எண்ணெய் விளக்கை ஏற்றி வைப்பார். தாத்தாக்கள் எல்லாம் ஊருக்குக் கரண்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்களாம். விவரம் தெரியாமல் உள்ளங்கையால் எதையாவது தொட்டுவைப்பார்கள் என்று அவருக்குக் கவலை. செத்தவர்களுக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது என்று அவர் மனைவி ஒரு முறை கேட்டுவிட்டு, இரண்டு நாள் பாடம் கேட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது ரப்பர் பால் ஸ்டோரில் இருந்த ஜெனரேட்டரைப் பழுது பார்க்க. ரப்பருக்கு எங்கள் பேச்சில் கித்தா என்று பெயர்; எங்களுடையது கித்தாத் தோட்டம். துரை பங்களாவிலும் ஸ்டோரிலும்தான் விளக்கு எரியும்; நாங்கள் குடியிருந்த லயத்தில் மண்ணெண்ணெய். டவுன் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தவர்கள் தோட்டத்தில் ஆறு பேர், ஐந்து பையன்களும் நானும். படித்து முடித்தால் என்ன? பையன்கள் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு துரையிடம் கைகட்டி நிற்கலாம். எனக்கு அந்தக் கவலையும் வேண்டாம். வருஷக் கடைசியில் பரீட்சை முடிந்ததும் அம்மாவோடு மரம் சீவப் போக வேண்டியது என்று அப்பா எப்போதோ முடிவு செய்துவிட்டார். மரம் சீவுகிற உளி கூட வாங்கியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து, ஒரு விளக்கு எரிவதால் எத்தனை பேர் வீட்டில் சோறு வேகிறது என்று பாபா கேட்டார். பையன்கள் திருதிரு என்று விழித்தார்கள். கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாய் எல்லாருக்கும் தெரியும்; பாபாவின் செட்டி மலாய் அவர்கள் காதில் ஏறவில்லை. நான் லயத்துக்குப் பின்னால் இருந்த மலாய்க் கம்போங்கிலேயே பாதி வளர்ந்தவள், எனக்குப் புரிந்தது. ஜெனரேட்டர் சரியான பிறகும் பாபா வருவதை நிறுத்தவில்லை; அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்டோர் வாசலில் வகுப்பு. பையன்கள் மாணவர்கள், நான் துபாஷி. படிக்க என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பாபா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் வாய் வழியாகத்தானே போக வேண்டும்? ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர்கள் அவர்கள்தான்.

அவர் பாடமே தனி ரகம். சூத்திரம் கிடையாது, புத்தகம் கிடையாது. ஒரு நீளக் கயிற்றை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரில் கட்டி, மறு முனையைத் தூரத்தில் ஒரு கித்தா மரத்தில் கட்டுவார். கயிற்றைப் பிடித்து வரிசையாக நிற்க வேண்டும். நீ இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவன், நீ சுவிட்ச்போர்டு, நீ கம்பத்தில் ஏறுகிற லைன்மேன், நீ வயர்மேன், நீ வீடு வீடாக மீட்டர் பார்க்கிறவன். ஒவ்வொருவனும் தன் வேலை என்ன, அதற்கு எந்த வகுப்பு வரை படிக்க வேண்டும், யாரிடம் மனுப் போட வேண்டும் என்று மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். கயிற்றை இரண்டு கையால் பிடித்தவனுக்கு முட்டியில் ஒரு தட்டு. ஒரு ஞாயிறு ஒரு பையன் வரவில்லை. காலி இடத்தில் என்னை நிறுத்தினார். லைன் எங்கே போகிறது, எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் உட்கார்ந்து வரைபடத்தை நகல் எடுக்கிற டிரேசர் வேலை எனக்கு. அடுத்த வாரம் அந்தப் பையன் வந்தும் நான் கயிற்றை விடவில்லை. எனக்குத்தான் கால்சட்டைப் பை கிடையாதே, இடது கையை எங்கே வைப்பது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், மின்சார ஆபீஸில் உள்ளூர்ப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று செய்தி. பாபா ஆறு மனுத் தாள் வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்து எங்களிடம் கொடுத்தார். டிரேசர் பயிற்சிக்கு என் மனு. அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

நேர்முகத் தேர்வில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், பக்கத்தில் ஒரு கிராணி. நான் போய் நின்றதுமே கிராணிக்குச் சந்தேகம்: இந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாள்? காட்டச் சொன்னார். வெறுங்கையைக் காட்டினேன். காட்டி முடித்ததும் கை தானாகவே பின்னால் போய்விட்டது. மறுபடி காட்டச் சொன்னார், மறுபடி போனது. மூன்றாம் தடவை இஞ்சினியருக்கே எரிச்சல் வந்து, கை கிடக்கட்டும், அந்த மேசை விளக்கை இழுத்து வைத்து இந்தப் படத்தை நகல் எடு என்றார். விளக்கின் இரும்புத் தண்டைப் புறங்கையால் தொட்டேன். சுருக்கென்றது. இதில் கரண்டு ஒழுகுகிறது ஐயா என்றேன். கிராணி சிரித்தார். மின்சார ஆபீஸில் வந்து எங்களுக்கே சொல்கிறாயா என்று, தைரியமாக உள்ளங்கையால் தண்டைப் பிடித்தார். விரல் மடங்கி ஒட்டிக்கொண்டது; பிடுங்கிய வேகத்தில் நாற்காலியோடு பின்னால் போனார். இஞ்சினியரின் தேநீர் முழுவதும் வரைபடத்தின் மேல்.

பையன்களில் மூன்று பேருக்கு லைன்மேன் பயிற்சி கிடைத்தது. எனக்கும் கடிதம் வந்தது. அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாது என்றுவிட்டார். நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் ஒற்றைக் கையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு பாபா லயத்துக்கே வந்துவிட்டார்.

அப்பாவுக்கு மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய். பாபாவுக்குத் தமிழில் பலகாரம்தான். வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், நடுவில் நான். என் வழக்குக்கு நானே துபாஷி. இந்தக் கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. பாபா என்னைப் பற்றி ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் புகழ்ந்தார். அதை என் வாயாலேயே எப்படிச் சொல்வது? நல்லா படிக்குமாம் என்று முடித்தேன்.

"அவ்ளோ நேரம் பேசினாரு, நீ இவ்ளோதான் சொல்ற?" என்றார் அப்பா.

டவுனில் எங்கே தங்குவாள்? தன் வீட்டில், மனைவியோடு என்றார் பாபா. கரண்டைத் தொடுவாளா? தொட மாட்டாள், காகிதத்தில் கோடுதான் போடுவாள். ஒவ்வொன்றாக நான் அங்கும் இங்கும் சுமந்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை என்று சொன்னால் பொய். உளி வாங்கியாச்சே என்று அப்பா சொன்னதை நான் பாபாவுக்குச் சொல்லவே இல்லை.

அப்பா தரையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒத்தப் பொம்பளப் புள்ள. டவுன்ல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. பயமா இருக்குன்னு சொல்லு."

அப்பா வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. அப்படியே சொன்னேன். பாபா அப்பாவுக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு நிதானமாக, நான் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீங்க தூங்குங்கன்னு சொல்றாருப்பா," என்றேன். "பயப்படுற வேலைய அவரு பாத்துக்குவாராம். அவருக்கு இருவது வருச சர்வீசாம்."

அப்பா எழுந்து உள்ளே போனார். என் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே போடணும் என்று கேட்டார்.

நான்கு வருஷம் கம்போங் செட்டியில் அவர் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் தெரு முனையில் இருக்கும் விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். என்ன பாபா, கம்பத்தில் ஏதாவது கோளாறா என்று கேட்பேன். கோளாறுதான், பார்க்க வேண்டும் என்பார். அப்புறம் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். ஆபீஸில் அந்தத் தெருவின் வரைபடத்தை நகல் எடுத்தவள் நான்தான். அந்தக் கம்பத்தில் நான்கு வருஷமும் ஒரு கோளாறும் இருந்ததில்லை.