கல்லெடுப்புச் சாமியும் நூலகத்து நோயாளியும்

போரும் பொருளாதாரத் தடையும் நடந்த அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் எதுவும் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் இல்லை. சவர்க்காரம் இல்லை. மின்சாரம் என்றால் என்னவென்று பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். ரேடியோ கேட்க ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்ற வேண்டியிருந்தது. தட்டுப்பாடில்லாமல் கிடைத்த பொருள் ஒன்றே ஒன்று: அற்புதம்.

சாவகச்சேரிச் சந்தையைத் தாண்டி உள்ளே போகும் மணல் ஒழுங்கையில் ஒரு மாந்தோப்பு. அங்கேதான் செவ்வாயும் வெள்ளியும் அற்புத விநியோகம். விடியுமுன்பே தட்டிவான்கள் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிடும். சங்கக்கடையில் சீனி கொடுத்த நாளில்கூட அவ்வளவு நீளமான வரிசை நின்றதில்லை. சீனி முடிந்துபோகும். அற்புதம் முடிவதில்லை.

கொடுப்பவர் கல்லெடுப்புச் சாமி. கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, தையல் இல்லை. நோயாளியின் வயிற்றில் வெற்றிலையை வைத்து அமத்துவார். இரத்தம் வரும். இரத்தத்தின் பின்னால் கல் வரும். வயிற்றில் கல்லே இல்லாமல் போனவர்களும் கையில் கல்லோடு திரும்பினார்கள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சாமியாகுமுன் அவர் அதே சந்தையில் பல்பொடி விற்றவர். வாய்க்குள்ளிருந்து முழம் முழமாக நாடா இழுத்துக் காட்டிக் கூட்டம் சேர்ப்பார். அன்று பல்பொடி வாங்கியவர்கள்தான் இன்று கல் எடுக்க வந்தார்கள். பல் போனதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சாமி காசைத் தொடமாட்டார். காசு மாயை. காணிக்கை ஒரு போத்தல் மண்ணெண்ணெய். உலகத்தில் மாயையில்லாத பொருள் மண்ணெண்ணெய் ஒன்றுதான் என்று அவருடைய ஞானம் கண்டுபிடித்திருந்தது.

சட்டங்கள் கடுமையானவை. நோயாளியை வீட்டிலேயே மஞ்சள் தோய்த்த தடித்த துணியால் தலையிலிருந்து கால்வரை மூடிக் கொண்டுவர வேண்டும். வழியில் கண்ணூறு பட்டால் கல் உள்ளே ஓடிவிடும். நோயாளி கதைக்கக் கூடாது. அசையக் கூடாது. சாமியின் கை நோயாளியின் தோலில் படாது, அது தீட்டு. எல்லாம் துணிக்கு மேலேதான். சுருக்கமாகச் சொன்னால், நோயாளியாக இருப்பதற்கு உயிர் அவசியமில்லை.

இந்தச் சட்டத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தன்னையே மடக்கும் என்பதைச் சாமி மறந்துவிட்டார்.

கொக்குவிலில் புகையிலைத் தோட்டம் செய்யும் பஞ்சலிங்கத்துக்குக் கல்லடைப்பு. உண்மையான கல்லடைப்பு. ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்துபோய்விட்டது. மற்றதில் கல். உடனே எடுக்காவிட்டால் ஆள் தப்பாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை அறுவைச் சிகிச்சை. அதைத் தவறவிட்டால், ஜெனரேட்டருக்கு மீண்டும் எப்போது எண்ணெய் வரும், சத்திர வைத்தியர் எப்போது வருவார் என்று கடவுளுக்கே தெரியாது. கடவுள் அப்போது மாந்தோப்பில் வேலையாயிருந்தார்.

பஞ்சலிங்கம் கத்திக்கு மாட்டேன் என்றுவிட்டார். சாமி அவரிடமிருந்து ஏற்கெனவே ஒரு கல்லை எடுத்திருந்தார். நோவு திரும்பி வந்ததற்கும் விளக்கம் இருந்தது: எடுத்தது தாய்க்கல், உள்ளே ஒரு குட்டிக்கல் இருக்கிறது, கத்தி பட்டால் அது கோபித்துக்கொள்ளும்.

அவருடைய மனைவி பத்மாவதி பக்கத்து வளவுக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் மியூரியல். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, மெதடிஸ்ற் கோயிலில் ஓர்கன் வாசித்து, பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் நூலகராயிருப்பவர். ஒரு பொய் சொல்லமாட்டார். நூலகத்தில் இருமினால் பேராசிரியரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

"அக்கா, நீங்கள் சொன்னால் கேப்பார். எனக்கு இந்த மனிசனை விட்டால் ஆர் இருக்கினம்?"

மியூரியல் பஞ்சலிங்கத்தையும் பத்மாவதியையும் நூலகத்துக்கு அழைத்துப்போனார். கப்பலில் அலைந்து ஒரு வருடம் பிந்தி வந்த மருத்துவச் சஞ்சிகைகளைக் காட்டினார். நூறு வருடத்துக்கு முன் மிஷன்காரர் தமிழில் அச்சிட்ட உடற்கூற்று நூலை எடுத்து, சிறுநீரகத்தின் படத்தைக் காட்டினார். கடைசியாகக் கண்ணாடி அலுமாரி. அதற்குள் போத்தல் போத்தலாக, மனிதரிடமிருந்து எடுத்த கற்கள்.

"வடிவாய்ப் பாருங்கோ அண்ணை. இதுதான் சிறுநீரகத்திலை, அதுதான் குண்டிக்காயிலை, விளையிற கல்லு. முள்ளு முள்ளாய், மண்ணிறமாய். சாமி தந்தது எப்பிடி?"

பஞ்சலிங்கம் மடியிலிருந்து தாய்க்கல்லை எடுத்தார். வெள்ளை வெளேரென்று, வழுவழுவென்று, கடற்கரையில் குழந்தைகள் பொறுக்குவது போல இருந்தது.

"பாத்தியளே வித்தியாசத்தை?" என்றார் மியூரியல்.

"ஓம் மிஸ், பாத்தன்," என்றார் பஞ்சலிங்கம் பரவசத்தோடு. "கத்தியாலை எடுத்தால் முள்ளாய் வருது. சாமி எடுத்தால் வழுவழுப்பாய் வருது!"

மியூரியல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

துடைத்து மாட்டியபோது அவருடைய பார்வை மூலையில் நின்ற ஏரம்பர்மேல் விழுந்தது.

ஏரம்பர் மனிதரல்லர். மாணவர் படிப்பதற்கென்று முன்னொரு காலம் வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்தர் உருவம். தலையும் உடலும் உண்டு. கையும் காலும் கிடையாது. வயிற்று மூடியைத் திறந்தால் ஈரல், இரைப்பை, குடல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஏரம்பர் என்று பெயர் வைத்தது மாணவர்கள். வலது சிறுநீரகத்தைத் தொலைத்ததும் அவர்கள்தான். அந்த இடத்தில் இப்போது வெறும் ஆணி இருந்தது.

"பத்மாவதி," என்றார் மியூரியல் மெதுவாக, "செவ்வாய்க்கிழமை இவரைக் குட்டிக்கல்லு எடுக்கக் கூட்டிக்கொண்டு போம். நானும் ஒரு நோயாளியோடை வாறன்."

செவ்வாய் காலை. கடைசி வருட மருத்துவ மாணவன் லயனல், தகப்பனுடைய பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டிவந்தான். பின்சீற்றில் மஞ்சள் துணியால் மூடிய ஏரம்பர். காலுக்குப் பதில் வைக்கோல் அடைத்த சாக்கு. அவரைச் சாக்குக்கட்டிலில் கிடத்தித் தூக்கிப்போனபோது வரிசையில் நின்றவர்கள் உருகிவிட்டார்கள்.

"ஐயோ பாவம், என்ன பாரம்! முழுக்கக் கல்லுத்தான் போலை!"

"விடுங்கோ, விடுங்கோ, அந்த ஐயாவை முதல்லை விடுங்கோ!"

யாழ்ப்பாணத்தார் வரிசையில் இடம் விடுவது லேசான காரியமல்ல. அன்றைய உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

யன்னல் எல்லாம் சாத்திய கொட்டில். ஜாம் போத்தலில் செய்த விளக்கொன்று முணுக்முணுக்கென்று எரிந்தது. வாசலை அடைத்துக்கொண்டு சனம். முன்வரிசையில் பத்மாவதியோடு, தன்னுடைய முறைக்காகப் பஞ்சலிங்கம். சாமி புலித்தோல் மாதிரி அச்சடித்த துணியை உடுத்துக்கொண்டு இருந்தார்.

"பேர்?"

"ஏரம்பர் எண்டுதான் சொல்லுறவை," என்றார் மியூரியல்.

"சாப்பாடு?"

"ஒரு பருக்கை உள்ளுக்கை போய் நான் காணேல்லை."

"கதைபேச்சு?"

"வாய் திறக்கிறேல்லை சாமி. எங்களிட்டை வந்த நாள் தொட்டு அப்பிடித்தான்."

சாமி கண்ணை மூடினார். "தெரியுது. தெரியுது. ஏரம்பு, உன்ரை தகப்பன் மயிலிட்டியிலை ஒரு காணிச் சண்டை பிடிச்சவன் எல்லோ? அண்டைக்குச் செய்த செய்வினை. தகப்பனை விட்டிட்டு உன்னிலை இறங்கியிருக்கு!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. லயனல் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

சாமி துணிக்கு மேலே வயிற்றைத் தட்டினார். டொக் என்றது. ஒரு கணம் கை நின்றது. ஆனால் பல்பொடி விற்ற வாய் நிற்குமா?

"கேட்டியளே சத்தத்தை? வயிறு முழுக்க இறுகிப்போச்சு! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆள் சிலைதான்!"

"சாமி, மூச்சு?" என்று கேட்டான் லயனல்.

"அடங்குது. நல்ல குறி."

சீடன் செம்புத் தண்ணீரையும் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையையும் நீட்டினான். சாமி முணுமுணுத்தார், அமத்தினார், முறுக்கினார். மஞ்சள் துணியில் சிவப்பு பரவியது. "இரத்தம், இரத்தம்!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் சிவப்பாகும் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். கலியாண வீட்டில் கரைத்து எடுத்தால் அது ஆலாத்தி. சாமியின் கையால் வழிந்தால் இரத்தம்.

"இந்தா!" சாமி கையை உயர்த்தினார். விரல்களுக்கிடையில் வெள்ளைக் கல். வழுவழுவென்று.

"அரோகரா!" மாந்தோப்பே அதிர்ந்தது. அழுதுகொண்டே அரோகரா சொன்னவர் பஞ்சலிங்கம்.

மியூரியல் எழும்பினார். நூலகத்தில் இருமியவனைப் பார்க்கும் அதே பார்வை.

"சாமி, எவ்விடத்திலை இருந்து எடுத்தனீங்கள்?"

"வலப்பக்கக் குண்டிக்காயிலை இருந்து."

"நிச்சயமாய்?"

"என்ன பிள்ளை கேள்வி? என்ரை கையாலை பிடிச்சு இழுத்தனான். குண்டிக்காய் துடிக்குது!"

"லயனல், யன்னலைத் திற."

வெளிச்சம் விழுந்தது. மியூரியல் துணியை உருவினார்.

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பளபளக்கும் மூக்கு. வர்ணம் பூசிய கண். கை இல்லை. காலிருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் சாக்கு. மியூரியல் வயிற்று மூடியைக் கழற்றி, சந்தையில் மரக்கறி எடுத்துக் கொடுப்பது போல ஒவ்வொன்றாக நீட்டினார்.

"இந்தாங்கோ அண்ணை, ஈரல். பிடியுங்கோ, கடிக்காது. பத்மாவதி, இது இரைப்பை. தம்பி, குடலை விழுத்திப் போடாதை, பல்கலைக்கழகச் சொத்து. இப்ப வந்து பாருங்கோ, வலப்பக்கக் குண்டிக்காய்."

எல்லோரும் குனிந்தார்கள். ஆணி ஒன்று இருந்தது.

"சாமி கல்லெடுத்த குண்டிக்காய் எங்கை?" என்றார் மியூரியல். "துடிக்குது எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

சாமியின் வாய் திறந்தது. இந்த முறை நாடா வரவில்லை. "செய்வினை… செய்வினை பொம்மையிலையும் ஏறும்…"

"ஏறும், ஏறும்!" என்றாள் ஈரலைப் பிடித்திருந்தவருக்குப் பின்னால் நின்ற செபஸ்தியம்மா. குழந்தைக்குப் பால் காய்ச்ச வைத்திருந்த மண்ணெண்ணெயைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவள். "அப்ப பொம்மையின்ரை தகப்பனோ மயிலிட்டியிலை காணிச் சண்டை பிடிச்சவர்? என்ரை போத்திலைத் தாரும் ஐயா!"

அந்தச் சிரிப்பு வாசலில் தொடங்கி வரிசையின் கடைசிவரை ஓடியது. ஆளாளுக்குப் போத்தலைத் தேடினார்கள். சீடன் பின்வேலிக் கண்டாய இடைவெளியால் புகுந்து ஓடினான். சாமியும் புகுந்தார், புலித்தோலை வேலி பிடித்துக்கொண்டது.

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை. சாமி போட்டுவிட்டு ஓடிய ஏரம்பரின் கல்லையும் தன் மடியிலிருந்த தாய்க்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம். ஒரே வழுவழுப்பு. ஒன்று தன்னிடமிருந்து வந்தது. மற்றது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தது. பிறகு நோவு வந்து, விலாவைப் பிடித்துக்கொண்டே திரும்பினார்.

"பத்மா, ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு எத்தினை மணிக்கு வரச் சொன்னவை?"

பத்மாவதி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், கையிலிருந்த பிளாஸ்தர் இரைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஞ்சலிங்கம் பிழைத்தார். அவருடைய கல், முள்ளு முள்ளாக, மண்ணிறமாக, இப்போது நூலகத்துக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. பக்கத்துப் போத்தலில் சாமியின் இரண்டு கற்கள். வந்து பார்ப்பவர்களுக்குப் பஞ்சலிங்கமே விளக்கம் சொல்கிறார். சத்தமாகச் சொல்வதால் மியூரியல் அவரை இரண்டு தரம் வெளியே அனுப்பியிருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம்முடைய சனம் லேசில் விடுமா? சாமியைப் பிடித்துக்கொடுத்த ஏரம்பரைப் பார்க்கத் தென்மராட்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் காலை மியூரியல் கதவைத் திறந்தபோது ஏரம்பரின் நெற்றியில் மூன்று குறி விபூதி. காதில் செவ்வரத்தம்பூ. முன்னால் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.

மியூரியல் கண்ணாடியைத் துடைத்தார். விபூதியைத் துடைத்தார். எண்ணெயை ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு அனுப்பினார். பிறகு ஒரு மட்டையில் எழுதி ஏரம்பரின் கழுத்தில் தொங்கவிட்டார்:

"இவருடைய மூளையும் பிளாஸ்தர்தான். பார்க்க வருபவர்கள் தயவுசெய்து தங்களுடையதைப் பாவிக்கவும்."