வரைபட வைத்தியரின் பித்தளைக் குண்டு

விடிந்ததும் விடியாததுமாக வரைபட வைத்தியரின் வாசலில் வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். எல்லார் கையிலும் சுருட்டிய வீட்டு வரைபடம். மனிதனுக்கு வைத்தியம் பார்க்கப் படிப்பு வேண்டும். காகிதத்துக்குப் பார்க்க ஒரு நூலும் பித்தளைக் குண்டும் போதுமே! குண்டை வரைபடத்தின் மேல் தொங்கவிடுவார். அது ஆடினால் அங்கே கேடு. அங்கே இருப்பதை இடம் மாற்ற வேண்டும். அவர் பேச்சைக் கேட்டு வாசலை அடைத்த மளிகைக்காரர் ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறார். கேட்டால், உடம்புக்கு நல்ல பயிற்சி என்கிறார். புத்தி அதே ஜன்னல் வழியாக வெளியே போயிருக்க வேண்டும்.

வீடு கட்டவிருந்த தையல்காரரும் அந்த வரிசையில் நின்றவர்தான். அவருடைய அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. அதனால் அம்மாவின் அறையை ஒட்டியே குளியலறை வரைந்திருந்தார்கள். குண்டு சரியாக அங்கேதான் ஆடியது. வைத்தியர் குளியலறையைச் சமையலறைக்கு அப்பால், படி இறங்கிப் போகும்படி கொல்லைக்குத் தள்ளி, தாளில் முத்திரையும் குத்தினார். இல்லாவிட்டால் குடும்பம் சிதறுமாம்.

குடும்பம் சிதறுகிறதோ இல்லையோ, மாமியார் விழுந்தால் எலும்பு சிதறும் என்று தையல்காரரின் மனைவி வாதாடினாள். கணவர் காதில் ஏறவில்லை. அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. வைத்தியர் திருத்திய வீட்டையே புதுத் தாளில் வரைய வைத்தாள். கணவரையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், தங்கை கட்டப்போகிற வீடு என்று நீட்டினாள்.

குளியலறையின் மேல் குண்டு பம்பரமாகச் சுற்றியது. வைத்தியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரும்மா இதைக் கொல்லையில வெச்சது? படுக்கையறை பக்கத்துல கொண்டுவாங்க. இல்லேன்னா குடும்பம் சிதறிடும்."

"வெச்சது நீங்கதாங்க," என்று முத்திரை குத்திய தாளைப் பக்கத்தில் விரித்தாள்.

வரிசையே எட்டிப் பார்த்தது. கோட்டுக்குக் கோடு அதே வீடு. வைத்தியர் குண்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். நேரம் மாறினால் கேடும் இடம் மாறும் என்றார்.

"கேடு மாறட்டும் தம்பி," என்றார் மாமியார். "என் முட்டி மாறாதே."

அன்று மாலை தையல்காரர் காலி மனையில் சுண்ணாம்புப் பொடியால் வீட்டை முழு அளவில் வரைந்தார். கட்டில் வரும் இடத்திலிருந்து குளியலறைக்கு அம்மாவை நடக்கச் சொன்னார். முதலில் வைத்தியர் சொன்ன வழி. அம்மா பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆளை அளக்காமல் ஒரு சட்டைகூட வெட்டாத அந்த மனிதர் வெட்கத்தில் குன்றிப்போனார். குளியலறை பழைய இடத்துக்கே வந்தது.

வைத்தியரின் வாசலில் இன்னும் பாதி வரிசை நிற்கிறது. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அளவெடுக்காமல் உங்கள் சட்டைத் துணியின் மேல் குண்டை ஆட்டுகிற தையல்காரனிடம் துணி கொடுப்பீர்களா? பிறகு வீட்டை மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்?