ஏழாவது வார்டில் நான் விதைத்த முள்

தோளில் பையோடு கோவில்பட்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கலாம். கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர், சிரிப்பார். பின்னால் எங்களை எதிர்த்து நின்றவரின் பிரச்சார ஒலிபெருக்கி பருத்திக்காட்டைத் தாண்டியும் விரட்டிக்கொண்டு வந்தது: "ஏழாவது வார்டு வாக்காளப் பெருமக்களே! முள்ளை ஒழிப்போம் என்று சொன்ன கட்சி, உங்கள் வாசலிலேயே முள்ளை விதைத்திருக்கிறது!"

விதைத்தது கட்சி இல்லை. நான்.

ஊரைவிட்டுப் போவது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நூற்பாலையிலிருந்து போயிருக்கிறேன், திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து, கொல்லத்துப் புரோட்டாக் கடையிலிருந்து. சம்பளம் நின்றால் போவேன், சாப்பாடு நின்றால் அன்றைக்கே போவேன். வெட்கப்பட்டுப் போனது அதுதான் முதல் தடவை. (வெட்கம் இவ்வளவு கனக்கும் என்று தெரிந்திருந்தால் பையில் துணியைக் குறைத்திருப்பேன்.)

எங்களுடையது சின்னக் கட்சி. சுற்றுச்சூழல் கட்சி என்று நாங்கள் சொல்வோம், 'செடிக் கட்சி' என்று ஊர் சொல்லும். முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஒரே ஒரு கவுன்சிலர். சொந்தக்காரர்கள் நிறைய, அதனால் ஜெயித்தார் என்றார்கள். அடுத்த தடவை பக்கத்து ஊரையும் சேர்த்து மூன்று பேர். அந்த மூவருக்கும் சொந்தக்காரர்கள் குறைவு. அப்போதுதான் பெரிய கட்சிக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை ஏழாவது வார்டில் நின்றது எஸ்தர் அக்கா. போன முறை ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுகிற ஆட்களின் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றவர். அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றுதான்: கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுப்பது. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் வார்டின் போர்வெல்லில் உப்பில்லாத தண்ணீர் வரும். எதிர்த்து நின்றவர் தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்) முதலாளி, ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. அக்கா வேலை பார்த்ததும் அவர் ஆபீசில்தான். தோற்றால் கண்மாயும் இல்லை, திரும்பிப் போக வேலையும் இல்லை.

எங்கள் கட்சியில் ஃப்ளெக்ஸ் கிடையாது, வெடி கிடையாது. (கோவில்பட்டிப் பக்கம் வெடியில்லாமல் ஓட்டுக் கேட்பது மேளமில்லாமல் கல்யாணம் செய்வது மாதிரி.) அதனால் வீட்டுக்கு வீடு விதைப்பந்து கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். கரிசல் மண்ணும் எருவும் பிசைந்து, நடுவில் வேப்பமுத்து வைத்து உருட்ட வேண்டும். மழை பெய்ததும் வீட்டோரத்தில் அழுத்திவிட்டால் மரம்.

வேப்பமுத்தை ஆடி மாதமே பொறுக்கி வைத்திருந்தேன். எரு வேண்டுமே? கண்மாய்க் கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். புழுக்கையைச் சாக்குச் சாக்காக அள்ளினேன். அந்த ஆடுகள் பகலெல்லாம் எதைத் தின்றன என்று நான் பார்க்கவில்லை. கண்மாய்க்குள் தின்ன வேறென்ன இருக்கிறது? சீமைக்கருவேல நெற்றுதான். நெற்று ஆட்டுக்கு, உள்ளே இருக்கும் விதை செரிக்காமல் புழுக்கையில் வந்துவிடும், அதுவும் முளைக்கத் தயாராக. இந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற கீதாரி வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. நான்தான் ஊர் ஊராகப் போய்விட்டேனே.

பந்துகளை உருட்டி வீட்டுக்கு வீடு கொடுத்தோம். ஐப்பசி மழை பெய்தது. வேப்பமுத்து நாள்பட்டு உயிர் போய்க் கிடந்தது, ஒன்றுகூட அசையவில்லை. ஆட்டு வயிற்றைக் கடந்து வந்தவை பிரமாதமாக முளைத்தன. வாசலில், கொல்லையில், குழாயடியில், மாதா சிலைக் கெபி ஓரத்தில். தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ரோட்டில் எனக்குப் பின்னால் மொபெட் சத்தம். எஸ்தர் அக்கா.

"ஏலே, எங்க போற?"

"ஸ்டேஷனுக்குக்கா."

"எந்த ஊருக்கு?"

"மொதல்ல எந்த ரயில் வருதோ அந்த ஊருக்கு."

"அங்கன போயி என்ன செய்வ?"

"ஏதாவது வேல கெடைக்கும்."

"வேல இங்கனயே கெடக்கு. நீ விதைச்ச வேல." அக்கா மொபெட் எஞ்சினை அணைக்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டு உறுமவிட்டார். "நாம போட்ட செடிய நாம புடுங்காட்டி, கம்மாயில நிக்கிற காட்ட எப்படிலே புடுங்குவோம்? ஏறு."

ஏறினேன்.

மறுநாளிலிருந்து நானும் அக்காவும் கடப்பாரையோடு வீடு வீடாகப் போனோம். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாம் முளைப்பதுமில்லை. இன்றைக்குச் சுத்தமாக இருந்த வாசலில் நாளைக்கு இரண்டு நிற்கும். மறுபடி போவோம்.

"ஏட்டி ராணி, புழுக்கைக்காரர் வந்திருக்காவ, தண்ணி கொண்டா!" என்று ஒரு வீட்டில் குரல் கொடுத்தார்கள். செம்போடு வந்த ராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓட்டுக் கேக்க வாரவிய ஒருதரம்தான் வருதாவ. நீங்க என்ன, பால்காரர் மாதிரி தினமும் வருதீங்க?"

"மொளைக்கிறது நிக்கிற வரைக்கும் வருவோம்" என்றேன்.

அண்ணாச்சி வீட்டு வாசலிலும் ஒன்று நின்றது. கடப்பாரையை ஓங்கினேன். கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"தொடாதலே! அதுதான் எனக்குச் சாட்சி!"

சுற்றிக் கல் அடுக்கினார். 'செடிக் கட்சியின் சாதனை' என்று அட்டை எழுதி வைத்தார். தினமும் தண்ணீர் ஊற்றினார். ஆடு கடிக்காமலிருக்க ஆபீஸ் ஆள் ஒருவரைக் காவலுக்கு வைத்தார். சீமைக்கருவேலத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மனிதர் கரிசல் பூமியில் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

தேர்தலன்று வார்டிலேயே மிச்சமிருந்த முள் அந்த ஒன்றுதான். எஸ்தர் அக்கா ஜெயித்தார். போன முறை தோற்கடித்த அந்த ஷேர் ஆட்டோ இந்த முறை எங்கள் பக்கம் நிறைந்து வழிந்து வந்தது. சுற்றியுள்ள பேரூராட்சிகளையும் சேர்த்து எங்கள் கவுன்சிலர்கள் ஏழு பேரானார்கள். அடுத்த தேர்தலுக்கு இப்போதே ஆட்கள் எங்களிடம் சீட்டுக் கேட்கிறார்கள். (சொந்தக்காரர்கள் நிறைய உள்ளவர்கள்கூட.)

அதற்குப் பிறகு அண்ணாச்சி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். செடி வளர்வதை நிறுத்தவில்லை. பங்குனியில் அது கேட்டைத் தாண்டிக் கிளை நீட்டியிருந்தது. நான் அப்போது மறுபடி பையைக் கட்டியிருந்தேன். கொல்லத்துப் புரோட்டாக் கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். அன்று சாயங்காலம் அண்ணாச்சி நேரில் வந்து நின்றார். கார் டயர் பஞ்சர். ஒரே வாரத்தில் மூன்றாவது.

"ஏலே, அந்தச் சாட்சிய எடுத்துரு" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில் கடப்பாரையோடு அவர் வாசலில் நின்றேன். உச்சி வெயில் வரை தோண்டினேன். ஆணிவேர் முழங்கை கனம் இருந்தது. வேரைத் தூக்கி வெளியே போட்டதும் அக்காவுக்குப் போன் செய்து, கண்மாய் வேலை தொடங்கும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். கொல்லத்துக்குப் போகவில்லை.

இன்றும் நான் எதையாவது செய்யக் கிளம்பினால், என் மனைவியாகிவிட்ட ராணி சொல்வது, அன்று குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கடைசியாகச் சொன்ன அதே வார்த்தைதான்.

"குழிய மூடிட்டு என்னல வைக்கப் போற?" என்று கேட்டார்.

"வேப்பங்கன்னு, அண்ணாச்சி."

அவர் காலால் ஒரு மண்கட்டியைக் குழிக்குள் தள்ளினார்.

"வை. புழுக்கை மட்டும் போட்டுராத."