செவப்புக் காருக்குத் திருநீறு

கார் வாங்கினால் சிவப்புக் கார்தான் என்று ஆவுடைநாயகம் முடிவு செய்துவிட்டார். இதில் ஒரே ஒரு சங்கடம். சிவப்பு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பார்வைக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அச்சன்புதூர் வயலில் இந்த வரப்பில் நின்றுகொண்டு, எட்டாவது வரப்பில் நிற்கிற கொக்கு எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒரே சாயம். பழைய சாக்கு மாதிரி ஏதோ ஒரு நிறம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் ரயில்வே வேலைக்கு மனுப் போட்டு மதுரைக்குப் போனார். அங்கே டாக்டர் கலர் கலராக நூல்கண்டுகளைப் பரப்பி, "சிவப்பை எடு" என்றார். இவர் பச்சையை எடுத்துப் பணிவாக நீட்டினார். "உம்மை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினா ஒரு ரயிலும் ஊர் போய்ச் சேராது" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஊருக்குத் திரும்பினவர், "காணி பூமி கெடக்கு, அடிமை உத்தியோகம் நமக்கு எதுக்கு?" என்று ஒரு போடு போட்டார். தென்காசியே மெச்சிக்கொண்டது. அன்றைக்கு மூடிய வாய்தான். கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆண்டவன் படைத்த பொருளுக்கெல்லாம் நிறம் மனப்பாடம். கிளி பச்சை, கோவைப்பழம் சிவப்பு, வாழையிலை பச்சை, செம்பருத்தி சிவப்பு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். மாட்டிக்கொள்வதெல்லாம் மனுஷன் பண்ணின பொருளில்தான். ஜவுளிக்கடைக்குப் போகும்போது அதற்கென்றே ஒரு தந்திரம் வைத்திருந்தார்.

"ஏட்டி கல்யாணி, இது என்ன நெறம்? ஒனக்கு நெறம் பாக்கத் தெரியுதான்னு பாப்போம்."

"அரக்குங்க."

"பரவால்ல. தேறிட்டே."

இந்தப் பரீட்சையில் கல்யாணசுந்தரி பத்தொன்பது வருஷமாகத் தேறிக்கொண்டே இருந்தாள். நம்மளை மாதிரி சூட்சுமக்காரன் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று ஆவுடைநாயகம் மீசையை ஒதுக்கிக்கொள்வார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாசம், சாரல் தொடங்கின சமயம். குற்றாலம் ரோட்டில் பட்டறை போட்டிருந்த கிதிர் முகம்மதுவிடம் இரண்டு கார்கள் வந்து நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், சீமைக்குக் கப்பலேறும்போது தள்ளிவிட்டுப் போனவை. ஒரே கம்பெனி, ஒரே அச்சு. பந்தயத்துக்கு விடுகிற ஜாதி. உட்கார்ந்தால் உட்காருகிற இடம் தரையில் உரசிவிடுமோ என்று பயமாக இருக்கும். கூரை என்று ஒரு கித்தான் துணி, அதுவும் கிழிசல். பின்சீட்டு கிடையாது. இரண்டே பேர்தான் போகலாம்.

அந்த இரண்டே பேர் என்பதில்தான் ஆவுடைநாயகம் விழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவரும் அவளும் தனியாக ஒரு இடம் போனதில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும் வில்வண்டி நிறைய அத்தை, சித்தி, கொழுந்தியாள், அவள் பிள்ளைகள், மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டி. அங்கே போனால் அவள் பெண்கள் பக்கம், இவர் ஆண்கள் பக்கம். பத்தொன்பது வருஷம் இப்படித் தனித்தனியாகவே நனைந்து, தனித்தனியாகவே காய்ந்தாயிற்று. இந்தக் காரில் மூன்றாவது ஆளுக்கு வழியே இல்லை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புளியறை வழியாக மலையேறி, ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட்டு வரவேண்டும். அதுவும் சிவப்புக் காரில். ஏனென்றால் கல்யாணசுந்தரிக்குச் சிவப்பு என்றால் உசிர். இந்த ஒரு விஷயம் அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அண்ணாச்சி, ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. ஒங்களுக்கு எது?" என்று கேட்டார் கிதிர் முகம்மது.

"செவப்பு."

"செவப்பு பார்வைக்கு ராசாதான். ஆனா பிரேக்கு கொஞ்சம் யோசிச்சுப் புடிக்கும். பச்சை சொன்ன சொல்லு கேக்கும்."

"யோசிச்சா நல்லதுதானவே? யோசிக்காமச் செஞ்சு கெட்டவன்தான் ஊர்ல ஜாஸ்தி."

"மலை எறக்கத்துல நின்னு யோசிச்சா பள்ளத்துலதான் அண்ணாச்சி முடிவு தெரியும்."

"செவப்புதாம்வே. பேச்சை விடும்."

பேச்சை விட்டாயிற்று. எந்தக் கார் சிவப்பு? பட்டறைக் கூரைக்குக் கீழே இரண்டும் பழைய சாக்கு நிறத்தில் ஜோடி எருமை மாதிரி நின்றன. வாயைத் திறந்து கேட்டால் மானம் போச்சு. ஆவுடைநாயகம் சூட்சுமத்தை எடுத்தார்.

"வேய் கிதிரு, அந்தச் செவப்புல ஏறி ஒரு ஆரன் அடியும், கேப்போம்."

கிதிர் ஏறி அடித்தார். இவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மடியிலிருந்த திருநீற்றுப் பையைப் பிரித்து, அந்தக் காரின் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டார். "நல்ல காரியம், சிவனேன்னு ஆரம்பிப்போம். நாளைக்குக் காலையில வீட்லயும் கூட்டிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்." வெள்ளை நிறத்தில் அவருக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டார்.

"ஏட்டி, காரு ஒண்ணு பாத்திருக்கேன்."

"எத்தனை பேரு போலாம்?"

"ரெண்டு பேரு."

"அப்ப அத்தை?"

"அத்தைக்கு பஸ்ஸு இருக்கு."

கல்யாணசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளோ, வெட்கப்பட்டாளோ. அவளுக்கும் நாற்பது வயது நெருங்குகிறது. ஆனாலும் அந்த நேரம் பார்க்க நன்றாக இருந்தது.

"என்ன நெறம்?"

"செவப்பு. ஒனக்காகத்தான்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பிரேக்கெல்லாம் நல்லாருக்கா?"

"யோசிச்சுப் புடிக்குமாம்."

"யாரு யோசிக்கணும்?"

"பிரேக்குதான்."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெண்டாட்டி மேற்கொண்டு கேட்கவில்லை என்றால்தான் புருஷன் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். இவர் கவலையில்லாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் பூஜையில் உட்கார்ந்தார். அவர் பூஜை என்றால் ஒன்றரை மணி நேரம், தேவாரம் இல்லாமல். "நான் கோயிலுக்குப் போயிட்டு நேரே பட்டறைக்கு வந்திருதேன், நீங்க சாவகாசமா வாங்க" என்று சொல்லிவிட்டுக் கல்யாணசுந்தரி முன்னால் கிளம்பிப் போனாள். இவர் சாவகாசமாகவே குதிரை வண்டியில் போய் இறங்கினார்.

இரண்டு காரும் நின்றன. ஒன்றின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. நேற்று போட்ட பட்டையைவிட இன்றைக்குக் கொஞ்சம் மெலிசாகத் தெரிந்தது. சாரல் காற்றில் கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"இந்தா, இதான் நான் சொன்ன செவப்பு" என்று அதன் முதுகில் தட்டினார்.

கிதிர் முகம்மதுவுக்கு இருமல் வந்துவிட்டது. கல்யாணசுந்தரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருமல் நின்றுவிட்டது.

"நல்ல செவப்புங்க" என்றாள் அவள்.

"ஆமா, ஆமா," என்றார் கிதிர். "செவப்புல இது ஒரு மாதிரிச் செவப்பு."

அப்புறம் இரண்டு மாசம் ஆவுடைநாயகத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைக்குப் போனால் கார், நாவிதரிடம் போனால் கார், எதிர்வீட்டுக்குப் போவதற்கும் கார். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்பார்.

"என்ன மதினி, நம்ம செவப்புக் காரு எப்பிடி?" என்று பக்கத்து வீட்டுப் பேராச்சியைக் கேட்பார்.

"அதுக்கென்ன கொழுந்தனாரே. செக்கச்செவேல்னு இருக்கு" என்பாள் பேராச்சி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

காப்பிக்கடையிலும் அப்படித்தான், கோயில் வாசலிலும் அப்படித்தான். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு சொன்னால்கூட, "அது எப்பிடி அண்ணாச்சி அப்பிடிச் சொல்லுதீங்க?" என்று மறிக்கிற ஊர் அது. அதை நினைத்தாவது மனுஷன் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

ஆவணி பிறந்ததும் ஆரியங்காவுக்குப் புறப்பட்டார்கள். அத்தையை பஸ்ஸில் ஏற்றி அவள் மகள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. செங்கோட்டை தாண்டியதும் காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. கல்யாணசுந்தரி முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வழியில் போகிற மாடு, மரம், லாரி எல்லாவற்றையும் புதுசாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

புளியறையில் செக்போஸ்ட். சிவனணைந்தபெருமாள் என்று ஒரு கான்ஸ்டபிள், சிவகிரியிலிருந்து மாற்றலாகி வந்து நாலே நாள் ஆகியிருந்தது. ரிஜிஸ்தரை மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். நம்பரைப் பார்த்து எழுதினார்.

"ஆளு ரெண்டு. நெறம், பச்சை."

"என்னது?" என்றார் ஆவுடைநாயகம்.

"பச்சைங்க."

"பச்சைப் பொய் எழுதாதீரும்வே. செவப்பு."

கான்ஸ்டபிள் காரைப் பார்த்தார். பிறகு இவரை மோந்து பார்க்கிற மாதிரி கொஞ்சம் குனிந்தார். "அண்ணாச்சி, கேரளாவுல இருந்து திரும்பி வாரவங்கதான் வழக்கமா இப்பிடிப் பேசுவாங்க. நீங்க போகும்போதே பேசுதீங்களே."

"ரெண்டு மாசமா ஓட்டுதேன். தென்காசியே சொல்லுது செவப்புன்னு. நேத்து வந்தவரு நீரு சொல்லுதீரு."

கான்ஸ்டபிள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் பார்வை இவரைத் தாண்டிப் பக்கத்து சீட்டுக்குப் போயிருந்தது. ஆவுடைநாயகம் சட்டென்று திரும்பினார். கல்யாணசுந்தரி கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கான்ஸ்டபிள் எழுதினதை மெள்ள அடித்தார். மேலே வேறு எழுதினார். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. வெயிலு கண்ணுல அடிச்சிட்டு. செவப்புதான்."

மழை தூறிக்கொண்டிருந்தது. வெயில் அடித்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆவுடைநாயகம் காரை எடுத்தார். இரண்டு வளைவு தாண்டி, ஒரு புளியமரத்தடியில் ஓரமாக நிறுத்தினார். சொன்ன இடத்தில் கார் நின்றது.

"கல்யாணி."

"ம்."

"இந்தக் காரு என்ன நெறம்?"

"பரீட்சைக்குக் கேக்கீங்களா, தெரியாமக் கேக்கீங்களா?"

பத்தொன்பது வருஷம் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "தெரியாமத்தான் கேக்கேன்."

"பச்சைங்க."

இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தலையில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"திருநீறு?"

"செவப்புல இருந்ததை அழிச்சிட்டு இதுல பூசினேன். சிவாயநம சொல்லித்தான் பூசினேன், சாமி கோவிச்சுக்கிடாது."

"ஊரு?"

"வீடு வீடாப் போயி, யாரு கேட்டாலும் செவப்புன்னு சொல்லுங்கன்னு கெஞ்சிட்டு வந்தேன். இந்த செக்போஸ்ட்டு மட்டும் நெனப்புல இல்லாமப் போச்சு."

"எப்ப இருந்துட்டி ஒனக்குத் தெரியும்?"

"ரொம்ப நாளா."

"ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்லா?"

"நீங்க அம்புட்டுக் கஷ்டப்பட்டு மறைக்கீங்க. குறுக்க வந்து கெடுக்கணுமா?"

ஆவுடைநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. முகம் சிவந்திருக்கும், அதுவும் அவருக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். "இவ்வளவு பாடு எதுக்குட்டி? செவப்பை வேண்டாம்னு என்கிட்டயே சொல்லியிருந்தா?"

"கிதிரு அண்ணன் சொன்னாரே, கேட்டீங்களா? எனக்காகன்னு சொல்லிட்டு ஒத்தக்கால்ல நின்னீங்க. அந்த ஆசையக் கெடுக்கவும் மனசு வரல. அந்தப் பிரேக்கை நம்பி ஒங்கள மலைக்கு அனுப்பவும் மனசு வரல. நீங்க பள்ளத்துல போயிட்டா, பொறவு நான் யாருக்கு நெறம் சொல்லுவேன்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில், பகல் வேளையில். லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று, அப்போதும் அவர் கையை விடவில்லை.

ஆனாலும் ஆம்பிளை. எல்லாவற்றிலும் தோற்றுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

"சரி, எல்லாத்துலயும் நீயே ஜெயிச்சே. ஆனா ஒரு விசயத்துல நான் ஏமாறலட்டி. ஒனக்குச் செவப்புன்னா உசிரு. அது மட்டும் எனக்குச் சரியாத் தெரியும்."

"அப்பிடின்னு யாரு சொன்னா?"

"நீதான் சொன்னே. பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்கப்பா வெத்தலைத் தட்டு எடுக்க உள்ள போனாரே, அந்த நேரம் கேட்டேனே. இந்தச் சேலை நல்லாருக்கு, இந்த நெறம் ஒனக்குப் புடிக்குமான்னு. உசிருன்னு சொன்னேல்லா? பொண்ணு செவப்புச் சேலையில வரும்னு தரகரு எனக்கு முந்தியே சொல்லி வச்சிருந்தாருட்டி."

கல்யாணசுந்தரி முந்தானையை அவிழ்த்து அவர் தலையைத் துவட்டினாள்.

"தரகரு சொன்ன சேலையில காப்பி கொட்டிட்டுங்க," என்றாள். "அவசரத்துல நான் மாத்திக் கட்டிட்டு வந்தது கிளிப்பச்சை."