மேயர் வேட்பாளருக்கு எடுத்த ஆரத்தி

ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கையைத் தாம்பாளத்தால் கவிழ்த்தவள் என்று எங்கள் வீட்டில் எனக்குப் பெயர். கவிழ்த்தது தாம்பாளம் இல்லை, கேமரா. இதை இன்றைக்கும் சொல்வேன்.

தொண்ணூறுகளில் நியூஜெர்சியில், பிஸ்கட்டவே பக்கம் குடியிருந்தோம். அடுத்த தெருவில் பேட்ரிக். அயர்லாந்தில் மாடு மேய்த்து வளர்ந்தவர். இங்கே வந்து கூரை போடும் வேலை செய்து, பள்ளி போர்டு, டவுன் கவுன்சில் என்று ஏறி, மேயர் தேர்தலுக்கு நின்றிருந்தார். எங்கள் அப்பாவுக்கும் பொள்ளாச்சியில் பண்ணையம்தான். மளிகைக் கடை வாசலில் நாங்கள் இருவரும் மாட்டுக்கு வரும் மடிநோயைப் பற்றிப் பேசிய பேச்சில் (என் கணவர் காரிலேயே தூங்கிவிட்டார்) அவர் என் வேட்பாளர் ஆகிவிட்டார்.

எங்கள் அபார்ட்மெண்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறேன் என்றார். சும்மா விடுவேனா? பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்களைத் திரட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தேன்.

"ஏங்க, சூடம் எங்கீங்க?"

"ஸ்மோக் அலாரம் அடிக்கும். அவரென்ன எம்.எல்.ஏ.வா? ஹலோ சொல்லி அனுப்பு, போதும்."

வாசலில் வைத்துச் சுற்றினேன். பொட்டு வைத்தேன். பேட்ரிக் பூரித்துப்போய் நின்றார். பாவம், வழக்கம் தெரியாதவர் ஆயிற்றே என்று, "தட்டில் ஏதாவது போட வேண்டும்" எனக் காதோரம் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. அவர்கள் ஊர்ச் சந்தையில் மாட்டை விற்றவர், வாங்கியவர் கையில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு காசைத் திருப்பிக் கொடுப்பாராம். அதே மாதிரிதானே என்று சிரித்துக்கொண்டே ஒரு டாலர் நோட்டை நீட்டினார். கூட வந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் அதைப் படம் எடுத்தார்.

அடுத்த வாரம் முதல் பக்கத்தில் அவர் நோட்டை நீட்ட, நான் பல்லெல்லாம் தெரியத் தட்டை ஏந்தி நிற்கிறேன். மேலே கொட்டை எழுத்தில், 'ஓட்டுக்குப் பணமா?'

"கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்குது. நீ வாயே திறக்காத" என்றார் கணவர்.

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, வேட்பாளர்கள் ஒரே மேடையில் பேசும் கூட்டத்துக்குப் போனேன். எதிர் வேட்பாளர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டியதும் எழுந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினேன்: "எங்கள் ஓட்டை வாங்கினாரா? எங்களுக்கு ஏது ஓட்டு? அங்கே நின்றவர்களில் ஒருத்திகூட சிட்டிசன் இல்லை!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. ஜெயித்துவிட்டோம் என்று பேட்ரிக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அதுவரை அவரைத் திருடரோ என்று சந்தேகப்பட்ட ஊர், ஓட்டே இல்லாதவர்களிடம் காசு கொடுத்து ஓட்டு வாங்கிய முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டது. தோற்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவரை வரவேற்றது தப்பா? ஆனால் அவர் தோற்ற அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தேர்தலிலும் நின்றார். எங்கள் வாசலுக்கும் வந்தார். "மாம், நோ ப்ளேட், ப்ளீஸ்!" என்று மகள் கத்தக் கத்த, தாம்பாளத்தோடுதான் நின்றேன். பேட்ரிக் பேண்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்து, காலி என்று தெருவுக்கே காட்டிவிட்டு, பொட்டுக்காகத் தலையைக் குனிந்தார்.

ஜெயித்தார். இன்றும் நான் தாம்பாளத்தை எடுத்தால் போதும், மாப்பிள்ளை உட்பட எல்லோரும் பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுத்தான் முன்னால் வந்து நிற்கிறார்கள். இழுக்கட்டும். நான் ஆரத்தியை நிறுத்துவதாக இல்லை.